டிரம் யார் பக்கம் நின்றது

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினேன். கார்டின் இடது பக்கம், பச்சைக் கதவுக்குக் கீழே, மஞ்சளாக ஒரு கறை. கூடவே வாடை. அறையில் இருந்த பெண்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒருத்தி எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள்.

எனக்கு அது வாடையாகவே தெரியவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக என் மூக்கில் இருப்பது. ரப்பர் சொல்யூஷன். தாராவியில் தோல் வேலை நடக்கிற எந்த அறைக்குள் நுழைந்தாலும் இதுதான் முதலில் வந்து விசாரிக்கும். பையோ பர்ஸோ எதுவானாலும், இரண்டு ஓரத்திலும் இதைத் தடவி, காயவிட்டு, ஒட்டி, சுத்தியலால் தட்டிய பிறகுதான் மிஷினுக்குப் போகும். நான் கட்டிங் மாஸ்டர். வெட்டுவது என் வேலை. ஆனால் ஒட்டவும் தைக்கவும் தெரியும்.

"என்ன தடவினேள் இதுல?" என்று சொல்லிக்கொடுக்கிற லலிதா மேடம் கேட்டார்.

"சொல்யூஷன் மேடம்."

"எதுக்கு?"

"நகராம இருக்கதுக்கு."

"அதுக்குத்தானே குண்டூசி கொடுத்திருக்கேன்."

"குண்டூசி குத்துனா ஓட்டை விழுந்திரும்."

"தோல்ல விழும். இது துணியாக்கும்."

அவர் இஸ்திரிப் பெட்டியை என் கையிலிருந்து வாங்கி, சுவிட்சை அணைத்துவிட்டு, என் சொல்யூஷன் டப்பாவை மூடி வெளியே வராந்தாவில் வைத்தார். பள்ளிக்கூடத்தில்கூட யாரும் என்னிடமிருந்து எதையும் பிடுங்கி வெளியே வைத்ததில்லை. நான் அதிக நாள் பள்ளிக்கூடம் போகவில்லை என்பது வேறு விஷயம்.

துணியில் போஸ்ட்கார்டு

இடம் மாட்டுங்கா. ஸ்டேஷனிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு சங்கத்துக் கட்டடம். அதன் மாடி அறையில் சனிக்கிழமை மத்தியானம் குவில்ட்டிங், அதாவது துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கிற பட்டறை. பட்டறை என்றால் எங்கள் ஊரில் இரும்பு அடிக்கிற இடம். இங்கே ஏசி இருந்தது, பிஸ்கட் கொடுத்தார்கள்.

துணியில் போஸ்ட்கார்டா என்று கேட்காதீர்கள். நானும் கேட்டேன். முன்பக்கம் துண்டுத் துணிகளை வைத்துத் தைத்த படம். நடுவில் சட்டைக் காலருக்குள் வைக்கிற பக்ரம், விறைப்பாக நிற்பதற்கு. பின்பக்கம் வெள்ளைத் துணி, விலாசம் எழுத. மூன்றையும் சேர்த்து ஓரத்தைச் சுற்றி நெருக்கமாக ஜிக்ஜாக் தையல். கவர் கிடையாது. அப்படியே ஸ்டாம்பு ஒட்டிப் பெட்டியில் போட வேண்டியது. அதுவும் போய்ச் சேருமாம்.

அங்கே இருந்தவர்களில் ஆண் நான் ஒருத்தன்தான். மற்றவர்கள் ஆபீஸ் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள், ஆபீஸ் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்களின் மனைவிகள். முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செம்பூர் அம்மாள் மரியாதையாகத்தான் பேசினார்.

"சார் எந்த ஆபீஸ்ல இருந்தேள்?"

"தோல் வேலை. தாராவி."

"ஓ" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, வெளிச்சம் போதவில்லை என்று நாற்காலியை அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டார். ஜன்னல் என் பக்கம் இருந்தது.

இதை எழுத வேண்டாம் என்று என் மனைவி சொன்னாள். எழுதுகிறேன். அந்த நாற்காலியின் முதுகில் அவருடைய கைப்பை தொங்கியது. கைப்பிடி ஒட்டியிருந்த விதத்தைப் பார்த்தேன். எங்கள் தெரு வேலை.

போகச் சொன்னவள்

என் மனைவி பெயர் சொர்ணம். மாட்டுங்கா வீடுகளுக்குப் புடவை ஃபால்ஸ், பிளவுஸ் தைத்துக் கொடுப்பாள். லலிதா மேடம் அவளுடைய பழைய வாடிக்கை. அவர்தான் இவளைப் பட்டறைக்குக் கூப்பிட்டார். சொர்ணம் இரண்டு சனிக்கிழமை போனாள். மூன்றாவதற்கு முன்னால் எங்கள் சந்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். சயான் ஆஸ்பத்திரியில் முழங்கை வரை மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

"நீங்க போங்க" என்றாள்.

"எங்க?"

"மாட்டுங்காவுக்கு. கார்டு பாதியில கெடக்கு."

"ஏட்டி, நான் தோல் வெட்டுறவன். பொம்பளைங்க பூப்போட்டுத் தைக்கிற எடத்துல எனக்கென்ன சோலி? கட்டு பிரிச்சப்புறம் நீயே தையி."

"அதுவரைக்கும் அக்கா இருக்கணும்லா?"

அக்கா என்று அவள் சொன்னது பக்கத்து அறையில் இருந்த எஸ்தரை. கார்டு எஸ்தருக்கு. அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

போன வாரம் இதே பத்தியில் என் முதல் முதலாளியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, இவ்வளவு கோபம் உடம்புக்கு ஆகாது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். என் உடம்பு நன்றாக இருக்கிறது. கோபமே படாத அந்த முதலாளிதான் போய்ச் சேர்ந்துவிட்டார்.

எஸ்தர்

எங்கள் அறையும் எஸ்தர் அறையும் ஒட்டியவை. நடுவில் ஒரு சுவர். அவளுக்குப் பச்சைக் கதவு, எனக்கு மரக் கதவு. இரண்டுக்கும் இடையில் என் ஜன்னல். முன்னால் சந்து. எதிரே ஒருவர் வந்தால் நாம் தோளைத் திருப்பிக்கொள்ள வேண்டும். சந்தின் நடுவில் சாக்கடை, மேலே கல்.

எனக்குக் கல்யாணமான புதிதில் ஒரு நீல டிரம் வாங்கினேன். கெமிக்கல் வந்த டிரம். ஒரு மாதம் கழுவியும் வாடை போகவில்லை, அப்புறம் பழகிவிட்டது. விடிவதற்கு முன் குழாயில் தண்ணீர் வரும். அதைப் பிடித்து வைக்க டிரம் இல்லாமல் அங்கே குடும்பம் நடத்த முடியாது. வீட்டுக்குள் இடம் இல்லை. வெளியே என் ஜன்னலுக்குக் கீழே வைத்தேன்.

நான் ஜன்னலுக்குக் கீழே என்று சொல்வேன். எஸ்தர் தன் வாசல்படியில் என்று சொல்வாள். இருபது வருடம் சொன்னாள்.

"மாஸ்டரே, உம்ம டிரம்மு என் படியில ஏறி நிக்கி."

"எங்க நிக்கி? கண்ணத் தொறந்து பாரு."

"தொறந்துதான் பாக்கேன். காலுல இடிக்கி."

நான் சாக்பீஸால் கோடு போட்டேன். அவள் வாசல் கழுவுகிற சாக்கில் கோட்டை அழித்தாள். பெயின்டால் போட்டேன். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாள். டிரம்மை அவள் இரவோடு இரவாக என் கதவுப் பக்கம் தள்ளிவிடுவாள். தண்ணீர் நிறைந்த டிரம்மைத் தள்ளுகிற பலம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது.

அவள் புருஷன் நல்ல மனுஷன். நானும் அவரும் சேர்ந்துதான் டீ குடிக்கப் போவோம். சண்டை ஆரம்பித்தால் அவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். அவர் இறந்த அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்தில் திரும்ப முடியவில்லை. டிரம்மை நகர்த்தச் சொன்னார்கள். தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்த எஸ்தர் நிறுத்தினாள். "பாத்தியளா எல்லாரும்? டிரம்மு என் வாசல்லதான் நிக்கி" என்றாள். பிறகு மறுபடி அழுதாள்.

அன்றைக்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் சொன்னேன்.

இவ்வளவுக்கும் நடுவில் சொர்ணமும் அவளும் ஒரே தட்டில் சாப்பிடுகிற மாதிரி இருந்தார்கள். மீன் குழம்பு இங்கிருந்து போகும், இறால் அங்கிருந்து வரும். கிண்ணங்களை வைத்து மாற்றிக்கொள்வது எதன் மேல்? என் டிரம் மூடியின் மேல்.

தேவ்நாரில் ஒரு சுவர்

எஸ்தரின் மகன் சாமுவேல் தேவ்நாரில் வீடு பார்த்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அந்தப் பச்சைக் கதவு அறையில் இப்போது பையன்கள் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிறார்கள். டிரம்மைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. தாண்டிப் போகிறார்கள்.

எஸ்தருக்குச் சர்க்கரை. ஒரு கண் முன்பே போனது. இன்னொன்றில் வெளிச்சமும் நிழலும்தான் தெரியும், இனிமேல் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

நாங்கள் பார்க்கப் போனோம். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சொர்ணம் பக்கத்தில் உட்கார்ந்து அக்கா அக்கா என்று கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை. நான் வேண்டுமென்றே சத்தமாக, "உன் கோலி ரூம்ல வேற ஆளுக வந்துட்டாவ, சந்து இப்பதான் அமைதியா இருக்கு" என்று சொன்னேன். அதற்கும் திரும்பவில்லை. அப்போதுதான் எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

"சாப்பாடு குடுத்தா சாப்பிடுதா. கேட்டா தலையாட்டுதா. போனக் காதுல வச்சா தள்ளிவிட்டுருதா. டாக்டர் போல்தா ஹை, நாக்குல ஒண்ணும் கோளாறு இல்லியாம். மனசு வச்சா பேசுவாளாம்" என்றான் சாமுவேல்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொர்ணம், "இப்படியே கெடந்தா அக்கா போயிருவா" என்றாள். அதற்குப் பிறகுதான் துணி போஸ்ட்கார்டு அவள் தலைக்குள் ஏறியது. போட்டோ அனுப்பினால் எஸ்தருக்குத் தெரியாது. துணி என்றால் தடவிப் பார்க்கலாம். எங்கள் சந்தையே கைக்குத் தெரிகிற மாதிரி தைத்து அனுப்ப வேண்டும். தடவினால் ஏதாவது சொல்வாள். ஒரு வார்த்தை வந்தால் போதும். இதுதான் சொர்ணத்தின் திட்டம்.

இதற்குத்தான் நான் மாட்டுங்காவுக்குப் போனேன். எஸ்தருக்காகப் போகவில்லை. ஒற்றைக் கையோடு சமைத்துக்கொண்டு தினமும் என்னைப் பார்க்கிறவளுக்காகப் போனேன்.

சந்தைத் தைத்தது

சொர்ணம் பாதி முடித்திருந்தாள். கூரைத் தகரத்துக்குக் கார்டுராய் துணி. தடவினால் வரிவரியாகத் தகரம் மாதிரியே இருக்கும். சாக்கடைக்கு வழுவழுப்பான ரிப்பன். என் கதவுக்குச் சாக்குத் துணி. எஸ்தர் கதவுக்கு அவளுடைய பழைய பச்சைத் துண்டு. வாசலில் திரைக்குப் பதில் அதைத்தான் தொங்கவிட்டிருப்பாள். போகும்போது ஆணியில் விட்டுவிட்டுப் போனாள். பூச்சி அரித்ததுபோக மிஞ்சியது ஒரு கதவுக்குத்தான் போதும்.

மிச்ச வேலையை சொர்ணம் எனக்கு வாயால் சொல்லி அனுப்பினாள். தைக்காமல் வைத்து மட்டும் இருந்த பச்சைக் கதவு, கரண்ட் வயர்கள், ஜன்னல், டிரம்.

"டிரம் எதுக்கு?" என்றேன்.

"டிரம் இல்லாம அக்காவுக்கு அது நம்ம சந்துன்னு எப்படித் தெரியும்?"

முதல் நாள் வயர்களைத் தைத்தேன். கோணல். லலிதா மேடம் பார்த்தார். தையலைப் பிரித்துவிட்டு, ஊசி போன இடத்தை நகத்தால் தேய்த்தார். ஓட்டைகள் மூடிக்கொண்டன. ஊசி போன அடையாளமே இல்லை. நான் அந்த இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தோலில் அது நடக்காது. ஒரு முறை ஊசி போனால் போனதுதான். அதனால் எங்கள் வேலையில் ஒட்டி, அழுத்தி, சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மிஷினில் வைப்போம்.

அந்தப் பழக்கத்தில்தான் அடுத்த வாரம் சட்டைப் பையில் சொல்யூஷன் டப்பாவோடு போனேன். கதவுத் துண்டு நகர்ந்துகொண்டே இருந்தது. நகரக் கூடாது என்று ஓரமெல்லாம் தடவினேன். நன்றாக ஒட்டியது. பிறகு இஸ்திரி போட்டேன்.

கறை விழுந்த இடம்

செம்பூர் அம்மாள் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு கார்டைப் பார்த்தார். "ஐயோ, நன்னா வந்துண்டிருந்ததே" என்றார். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கொடுத்தது. அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"வேற ஒண்ணு ஆரம்பிச்சுடலாமா?" என்று லலிதா மேடம் கேட்டார்.

"கதவுத் துணி வேற கெடையாது."

"சரி, பதற வேண்டாம். கறைக்கு மேல ஒரு பேட்ச் போட்டா மறைஞ்சுடும். நிஜமா அந்த இடத்துல என்ன இருந்தது?"

நான் நகத்தால் கறையைச் சுரண்டினேன்.

"வாசல்ல ஏதாவது இருந்திருக்குமே. குடம், செடித் தொட்டி, தண்ணி டிரம்..."

"டிரம் கெடையாது."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"அங்க டிரம் கெடையாது மேடம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். கறை சரியாக எஸ்தரின் வாசல்படியில் விழுந்திருந்தது. டிரம்மை அங்கே வைத்துத் தைத்தால் கறை மறையும். வேலை சுலபம். அளவும் பொருந்துகிறது. ஆனால் அப்படித் தைத்தால் இருபது வருடம் அவள் சொன்னது சரி என்று நானே என் கையால் தைத்துக் கொடுத்ததாக ஆகும். அதுவும் ஸ்டாம்பு ஒட்டி.

நான் கார்டைச் சுருட்டாமல் நிமிர்த்தி எடுத்துக்கொண்டு வந்தேன். அடுத்த வாரம் வேலை செய்கிற இடத்திலிருந்து இரண்டு துண்டுத் தோல் கொண்டுபோனேன். பர்ஸுக்குள்ளே வைக்கிற மெல்லிய ஆட்டுத் தோல். சாம்பல் நிறத்தில் நீளமாக ஒரு துண்டு வெட்டிக் கறையின் மேல் வைத்தேன். வாசல்படி. நீலத்தில் ஒரு டிரம் வெட்டினேன். என் ஜன்னலுக்குக் கீழே வைத்தேன்.

லலிதா மேடம் மிஷினில் தடித்த ஊசி மாட்டிக் கொடுத்தார். ஒரே ஓட்டத்தில் தைத்தேன். அந்த ஒரு வேலையில் என்னை யாரும் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

"டிரம் படிக்குப் பக்கத்துல இருந்தா படம் இன்னும் அழகா இருக்கும்" என்றார் செம்பூர் அம்மாள்.

"அழகுக்கு வைக்கல. உண்மைக்கு வச்சிருக்கேன்" என்றேன்.

சொர்ணத்தின் இடது கை

வீட்டில் சொர்ணம் கண்ணை மூடிக்கொண்டு இடது கை விரலால் கார்டைத் தடவினாள். கூரை. வயர். பச்சைக் கதவு. படி. படியில் விரல் நின்றது. சுற்றி ஒரு முறை தேடியது. பிறகு ஜன்னலுக்குப் போனது. கீழே இறங்கி டிரம்மைத் தொட்டது. அங்கேயும் கொஞ்சம் நின்றது.

அவள் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

"பின்னால என்ன எழுத?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் எழுத வேண்டாம். யாரு படிச்சுச் சொல்லுவா?"

அது சரி. சாமுவேல் இந்தி ஸ்கூலில் படித்தவன். தமிழ் பேசுவான், எழுத்து தெரியாது. அவன் மனைவியும் அப்படியே. எஸ்தர் ஒருத்திதான் அந்த வீட்டில் தமிழ் படித்தவள். எனவே விலாசம் மட்டும் எழுதினேன், இந்தியில்.

போஸ்ட் ஆபீஸில் கவுன்ட்டர்காரன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"யே க்யா ஹை? ரூமால்?" கைக்குட்டையா என்று கேட்டான்.

"போஸ்ட்கார்டு."

"கப்டா ஹை." துணி என்றான்.

"ஸ்டாம்பு ஒட்டியிருக்குல்ல? முத்திரையக் குத்து."

தமிழில் சொன்னது அவனுக்குப் புரிந்தது. எடை போட்டுப் பார்த்து இன்னொரு ஸ்டாம்பு கேட்டான். ஒட்டினேன். ஓங்கிக் குத்தினான். மை துணியில் பரவி, தேதி தெரியாமல் போய்விட்டது.

போன்

ஒரு வாரம் ஒன்றும் இல்லை. சொர்ணம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். கார்டு கிடைத்தது என்று மட்டும் சாமுவேல் சொன்னான். அம்மா கையில் கொடுத்தேன், தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள், ஒன்றும் பேசவில்லை என்றான். சொர்ணம் அன்று சாப்பிடவில்லை. சமைத்த குழம்பில் உப்பும் இல்லை. நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் பனியனோடு உட்கார்ந்து பல்லைக் குத்திக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. சொர்ணம் எடுத்தாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. போனை என்னிடம் நீட்டினாள்.

"சாமுவேலு. உங்கள்ட்டதான் குடுக்கச் சொல்லுதான்."

"மாமா, அம்மா காலையில இருந்து கத்திட்டு இருக்கா. உங்கள்ட்டதான் பேசணுமாம். வேற யார்ட்டயும் மாட்டாளாம்" என்றான். போன் கை மாறுகிற சத்தம் கேட்டது.

"மாஸ்டரே!"

குரல் கரகரத்திருந்தது. உபயோகிக்காமல் கிடந்த குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி. ஆனால் அளவு குறையவில்லை.

"சொல்லு" என்றேன்.

"டிரம்ம எங்கவே கொண்டு வச்சிருக்கீரு?"

"நின்ன எடத்துலதான்."

"நின்ன எடமா? என் படியில நின்னு நின்னு என் மொழங்காலப் பேத்துட்டு, இப்ப நல்ல புள்ள மாதிரி உம்ம சன்னலுக்குக் கீழ கொண்டு வச்சிருக்கீரு! கண்ணு போச்சுன்னா கையும் போச்சுன்னு நெனச்சீரோ?"

"கண்ணு நல்லாத் தெரிஞ்சப்பவே உனக்கு அது தெரியல. இப்ப எங்க தெரியப்போவுது?"

சொர்ணம் தலையில் கையை வைத்துக்கொண்டாள். மாவுக்கட்டுக் கையை வைத்ததால் சத்தம் கேட்டது. போனில் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. போச்சு என்று நினைத்தேன்.

"அம்புட்டு வருசமும் நான் பொய்யா சொன்னேன்?" என்றாள் எஸ்தர்.

"ஆமா."

"சர்வேக்காரன் வந்தானாமே, அளந்தானாமே. அவன்ட்ட கேக்க வேண்டியதுதான?"

"கேட்டேன். டிரம்முக்கெல்லாம் நம்பர் கெடையாதுன்னுட்டான்."

அது உண்மை. தாராவியை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று அளந்து, கதவுகளில் நம்பர் எழுத வந்தவனிடம் நான் கேட்டேன். அவன் நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டான்.

"உம்மகிட்ட மனுசி பேசுவாளா? சொர்ணத்துட்டக் குடும்" என்றாள்.

கொடுத்தேன். சொர்ணம் போனை வாங்கிக்கொண்டு மோரிக்குப் போனாள். எங்கள் அறைகளில் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் இருக்கிற மூலைக்கு மோரி என்று பெயர். தண்ணீர் வராத நேரத்தில் அவளுக்கு அங்கே என்ன வேலை என்று எனக்குத் தெரியவில்லை. வெகுநேரம் கழித்து வந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள்.

"என்ன சொல்லுதா?" என்று கேட்டேன்.

"உங்கள ஏசுதா."

"அவ்வளவு நேரமா?"

"அவ்வளவு நேரமும்" என்றாள் சொர்ணம். அன்றைக்குக் குழம்பில் உப்பு சரியாக இருந்தது.

கார்டைத் தடவிப் பார்த்தபோது டிரம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துதான் இருக்கும். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று பலமுறை கேட்டுவிட்டேன். கட்டுப் போட்ட கை வலித்துக்கொண்டிருந்தது என்கிறாள்.

திரும்பி வந்தது

கொஞ்ச நாளில் தபால்காரன் சந்து முனையில் நின்று கத்தினான். புது நம்பரா பழைய நம்பரா என்று அவனுக்குக் குழப்பம். கையில் என் கார்டு. விலாசத்தை அடித்துவிட்டு எங்கள் விலாசம் எழுதியிருந்தது, சாமுவேலின் கையெழுத்தில்.

திருப்பிப் பார்த்தேன். டிரம் எஸ்தரின் வாசல்படியில் இருந்தது.

என் தையலைப் பிரித்திருக்கிறாள். மருமகள் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாளாம். மற்றதெல்லாம் அவளே, விரலால் தடவித் தடவி. ஆட்டுத் தோலில் நான் போட்ட ஓட்டைகளைத் தேடிக் கண்டுபிடித்து அவற்றிலேயே ஊசியை விட்டிருக்கிறாள். கண்டுபிடிக்க முடியாத இடத்தில் தானாகப் புது ஓட்டை போட்டிருக்கிறாள். தையல் குடித்தவன் நடந்த மாதிரி இருந்தது. டிரம்மும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஆனால் பிடித்து இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.

என் ஜன்னலுக்குக் கீழே துணியில் ஓட்டைகளே இல்லை. தேய்த்து மூடிவிட்டாள். அங்கே எப்போதும் டிரம் இருந்ததே இல்லை என்கிற மாதிரி.

"நான் தச்சுத் தாரேன். கட்டு பிரிச்சாச்சுல்லா?" என்றாள் சொர்ணம்.

"நீ இதுல தலையிடாத" என்றேன்.

சனிக்கிழமை மாட்டுங்காவுக்குப் போனேன். லலிதா மேடம் கார்டை வாங்கிப் பார்த்தார். பச்சைக் கதவைப் பார்த்தார், படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மிஷினில் தடித்த ஊசியை மாட்டினார். செம்பூர் அம்மாள் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த வாட்டி யார் பக்கம்?" என்று கேட்டார். "என் பக்கம்" என்றேன்.

அதற்குப் பிறகு அது பலமுறை போய் வந்துவிட்டது. கவுன்ட்டர்காரன் இப்போது எடை போடுவதில்லை. "டிரம் ஆயா க்யா?" என்று, டிரம் வந்தாச்சா என்கிற மாதிரி, கேட்டுவிட்டு முத்திரை குத்துகிறான். பின்பக்கத்தில் வெள்ளையே இல்லை, எல்லாம் மை. போன் வருவதும் நிற்கவில்லை. கார்டு போய்ச் சேர்ந்த அன்று என்னை ஏசுவதற்கு, மற்ற நாட்களில் சொர்ணத்திடம் என்னை ஏசுவதற்கு. இப்போது கட்டிலில் படுத்துப் பேசுவதில்லையாம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, அக்கம்பக்கத்தாருக்கும் கேட்கிற மாதிரி பேசுகிறாளாம். தேவ்நாரில் பாதிப் பேருக்கு என் டிரம்மைப் பற்றித் தெரியும் என்று சாமுவேல் சொல்கிறான்.

துணி தாங்குகிறது. தோல்தான் தாங்கவில்லை. டிரம்மின் ஓரம் முழுக்க ஓட்டைமேல் ஓட்டை விழுந்து ஸ்டாம்பின் விளிம்பு மாதிரி ஆகிவிட்டது. இன்னும் ஒரு தடவை பிரித்தால் கிழிந்துவிடும்.

நேற்று வேலை முடிந்ததும் மிச்சம் கிடந்த நீலத் தோலில் நாலு டிரம் வெட்டி எடுத்துவைத்தேன்.